உப்பும் இரும்பும் உப்புத்தாளும்

மாசி மாதத்து முற்பகல் ஒன்றில், பனியெல்லாம் உலர்ந்த பிறகு, புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த பழைய ஹெரால்டு காரின் பானட்டின் மீது விரலை வைத்து மெல்ல இழுத்தேன். விரல் சென்ற வழியில் ஒரு கோடு விழுந்தது. விரல் நுனியில் திருநீறு போன்ற ஒரு பொடி, இளநீலச் சாயை கலந்து, ஒட்டிக்கொண்டது. முன்கண்ணாடியின் ஓரத்தை மற்றொரு விரலால் துடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. முதல் விரலில் இருந்தது வெயில் செய்த வேலை, இரண்டாவதில் இருந்தது கடல் செய்த வேலை. கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று நீளும் இந்தக் கரையோரப் பிரதேசத்தில் இரும்பாலான எதையாவது வைத்துக் காப்பாற்ற நினைப்பவர், இவ்விரண்டின் குணத்தையும் அறிந்துகொள்ளாமல் பணத்தை மட்டும் செலவிட்டால், அந்தப் பணம் இரண்டு மழைக்காலங்களுக்குக்கூடத் தாங்காது. நான் அப்படி ஒருமுறை செலவிட்டவன்.

அந்த வண்டி எங்கள் சித்தப்பா 1966-இல் வாங்கியது. இரண்டு கதவுகள், உடல் இளநீலம், கூரை வெள்ளை. அதைச் சீமை வண்டி என்று ஊரில் சொல்லுவார்கள். ஆனால் அது பிறந்தது நம் செங்கல்பட்டுச் சீமையில்தான். இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு 1948-இல் தொடங்கப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்னும் நிறுவனம், வண்டலூரை ஒட்டிய தன் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்து வந்தது. கல்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் அந்த இடம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியில் தூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கேலோட்டி. நான்கு கதவு வைத்த ஹெரால்டும், 1972-இல் வந்த கெஸல் என்ற வண்டியும் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டவை. அவை காவன்ட்ரியில் செய்யப்பட்டதே இல்லை.

ஹெரால்டின் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு; அதைச் சொல்லாமல் அதன் நோயைச் சொல்ல இயலாது. 1950-களில் மற்றக் கார்கள் பலவும் முழு உடலையும் ஒரே கூடாகப் பற்றவைத்துச் செய்யும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தபோது, ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் தகடுகளைச் செய்து கொடுத்துவந்த பட்டறை 1953-இல் போட்டிக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய்விட்டது. ஒரே கூடாகச் செய்து தருவார் இல்லாமற் போகவே, கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேலே பல இடங்களில் பல துண்டுகளாகச் செய்து கொண்டுவந்த தகடுகள், அவற்றை ஒன்றோடொன்று இணைக்க போல்ட்டுகள் என்று அவர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பழுது பார்க்கிறவனுக்கு இது பெரிய அனுகூலம். முன்பக்கம் முழுவதையும் பானட்டோடு சேர்த்து முன்னால் கவிழ்த்துவிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் டயரின் மீதே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனால் தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு மூட்டும், நீரும் உப்பும் புகுந்து தங்குவதற்கு ஏற்ற ஓர் இடுக்கு. வண்டியின் இரு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடுகிற குழல் போன்ற தகடு, டிக்கியின் தரை, பேட்டரி வைக்கும் பெட்டி ஆகிய மூன்றும் எந்த ஹெரால்டிலும் முதலில் கெடுவது இதனால்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பட்டறையில் விட்டு அந்த வண்டிக்கு முழுவதும் பெயின்ட் அடித்து வாங்கினேன். வந்த அன்று முகம் பார்க்கலாம் போல் இருந்தது. பதினான்காம் மாதத்தில், வலப்பக்கச் சக்கரத்தின் மேல்வளைவில் ஒரு கொப்புளம் எழும்பிற்று, பிறகு மூன்று, பிறகு அவை ஒன்றாகி உடைந்து, செந்நிற நீர் வழிந்து காய்ந்தது. மறுபடியும் அவ்வளவு பணம் என்னிடம் இல்லை. எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாய்க்குள் முடித்தாக வேண்டும். அந்த நிலைமையில்தான் எங்கள் ஊரில் படகு எஞ்சின்களுக்கும் பழைய ஜீப்புகளுக்கும் பெயின்ட் அடித்து வயது முதிர்ந்த ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் வண்டியைச் சுற்றி வரவில்லை. சட்டைப் பையிலிருந்து, ஏதோ உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு காந்தத் துண்டை எடுத்து, பழைய துணியில் சுற்றி, தகட்டின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். பானட்டில் அது கவ்விப் பிடித்துக்கொண்டு வந்தது. சக்கர வளைவுக்கு வந்ததும் பிடி தளர்ந்து, அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“இங்க இரும்பே இல்ல சார், பட்டிதான் நிக்குது” என்றார். “துருவ எடுக்காம மேலயே பட்டி பாத்து மூடியிருக்காங்க.”

“முழுசாச் சுரண்டிட்டு மறுபடி அடிச்சா நிக்குமா, பெரியவரே?” என்று கேட்டேன்.

“சுரண்டினா போதாது. கழுவணும்” என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லின் பின்னால் எவ்வளவு ரசாயனம் இருக்கிறது என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

கடலிலிருந்து உப்பு எப்படிக் கரைக்கு வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கடல்நீர் ஆவியாகும்போது உப்பு மேலே எழுவதில்லை. நீர் மட்டுமே எழுகிறது. அப்படியானால் கண்ணாடியில் கரித்தது எது? அலை உடைந்து நுரைக்கும்போது கோடிக்கணக்கான காற்றுக் குமிழிகள் நீருக்குள் அழுந்தி, பிறகு மேலேறி வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது அதன் மெல்லிய தோல் சிதறி நுண்துளிகளாகிறது. குமிழி இருந்த பள்ளம் சட்டென்று நிரம்பும் வேகத்தில் நடுவிலிருந்து ஒரு சிறு நீர்த்தாரை மேலே பாய்ந்து, அதுவும் துளிகளாக உடைகிறது. இத்துளிகள் காற்றில் மிதந்தபடியே நீரை இழந்து சுருங்கி, செறிந்த உப்புநீராகவோ வெறும் உப்புத்துகளாகவோ மாறுகின்றன. நண்பகலை ஒட்டிக் கொண்டல் எழுந்ததும் அவை ஊருக்குள் வருகின்றன. பெரிய துகள்கள் கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுவதால், கடலோரத்து வீட்டின் ஜன்னல் கம்பிக்கும், அதற்கு இரண்டு கிலோமீட்டர் மேற்கே உள்ள வீட்டின் ஜன்னல் கம்பிக்கும் ஆயுளில் அத்தனை வித்தியாசம் காண்கிறோம்.

வந்து விழுந்த உப்பு உலர்ந்தே கிடந்தால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் சாதாரண உப்பிற்கு ஒரு சுபாவம் உண்டு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தன்னைத் தானே கரைத்துக்கொள்ளும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு இதிலும் பேராசை பிடித்தது. 33 சதவீத ஈரப்பதமே அதற்குப் போதும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புஜாடி நீர்விடுவதைப் பார்த்திராத தமிழ்க் குடும்பம் இல்லை. அதே காரியம், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக, காரின் தகடு முழுவதும் இரவுதோறும் நடக்கிறது. கல்பாக்கத்தில் மழையே பெய்யாத மாதத்திலும் வண்டி நனைந்துதான் நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

கார் செய்கிறவர்கள் தங்கள் பெயின்டைப் பரீட்சிக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். 35 பாகை வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரைப் பனிபோல் அதனுள் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். நம் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்குக் கடலையே பெட்டியாகக் கொண்டவர்கள் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார். வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் நல்க, 1953 ஜனவரி 14-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்ற அந்நிலையம், மண்டபம் முகாமில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் சட்டங்களில் பூட்டிவைத்து, மாதக் கணக்கிலும் வருஷக் கணக்கிலும் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் காட்டி, பிறகு துருவை நீக்கி நிறுத்துப் பார்த்து, இழந்த எடையிலிருந்து அரிமானத்தின் வேகத்தைக் கணக்கிட்டது. இவ்விதம் பல ஊர்களில் திரட்டிய கணக்குகளைக் கொண்டு இந்தியாவுக்கு ஓர் அரிமான வரைபடமே வரைந்தார்கள். எளிய காரியம்தான்: தகடு, தராசு, பொறுமை. இவ்வளவு எளிய முறையில் இவ்வளவு பயனுள்ள அறிவு கிடைப்பதைப் பார்க்கும்போது என் மனம் நிறைந்துபோகிறது. கல்பாக்கத்திலேயும், 1971-இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 1985-இல் இந்திரா காந்தியின் பெயரைப் பெற்ற ஆராய்ச்சி மையத்தில், அரிமான விஞ்ஞானத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்கி வருகிறது.

இனி, உப்புநீர் இரும்பை எப்படித் தின்கிறது என்பது. இதை விளக்கக் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்பவர் 1920-களில் செய்த ஒரு பரிசோதனையைப் போல் அழகானது வேறில்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் யாரும் செய்து பார்க்கலாம். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு உப்புநீர் வைக்கவேண்டும். அந்த நீரில் இரண்டு சூசகப் பொருள்களை முன்னமே கலந்திருக்கவேண்டும். ஒன்று பினாப்தலீன், காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். மற்றொன்று பொட்டாசியம் பெர்ரிசயனைடு, இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். சொட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தால், முதலில் அங்கங்கே நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாகத் தோன்றி, சில நிமிஷங்களில் அவை ஒழுங்குபட்டு, சொட்டின் நடுவில் நீலமும் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையமுமாகப் பிரிந்து நிற்கும். இன்னும் சிறிது நேரத்தில் இரண்டுக்கும் இடையே துருவின் செம்பழுப்பு வளையம் ஒன்று எழும்.

இதில் ஆச்சரியம் எது என்றால், துருவுக்குக் காரணம் பிராணவாயு என்று எல்லோரும் படித்திருக்கிறோமே, அந்தப் பிராணவாயு தாராளமாகக் கிடைக்கும் விளிம்பில் இரும்பு கரைவதில்லை. அது எட்டாத நடுப்பகுதியிலேதான் கரைகிறது. நடுவில் உள்ள இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களைக் கைவிட்டு நீரில் இறங்குகின்றன; அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்கே பிராணவாயுவோடும் நீரோடும் சேர்ந்து காரத்தை உண்டாக்குகின்றன. ஒரு சொட்டு நீர் ஒரு சிறு பேட்டரியாகிவிடுகிறது. அதில் மின்சாரம் ஓட வழி செய்வது உப்பு. வெறும் மழைநீரில் இந்தப் பேட்டரி சோம்பலாக நடக்கும். உப்புநீரில் சுறுசுறுப்பாக நடக்கும். துரு கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, இரும்பு அழியும் இடம் வேறொன்று. இந்த உண்மையை மனத்தில் வாங்கிக்கொண்டால், கார் பெயின்டில் நேரும் அவ்வளவு விபரீதங்களுக்கும் விளக்கம் தானே கிடைக்கும்.

சாலையில் தெறித்த ஒரு சரளைக்கல் பெயின்டில் கடுகளவு துளை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளைக்குள் இரும்பு கரையத் தொடங்குகிறது. அதைச் சுற்றிப் பெயின்டுக்கு அடியில் காரம் உண்டாகிறது. சாதாரண எனாமல் பெயின்ட் எண்ணெயை மூலமாகக் கொண்ட அல்கைடு ரெசினால் ஆனது. எண்ணெயோடு காரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சோப்புக் காய்ச்சியவர்களுக்குத் தெரியும். ஆம், பெயின்டின் அடிப்பாகம் மெல்ல மெல்லச் சோப்பாகிறது. தகட்டை விட்டு நழுவுகிறது. நழுவிய இடைவெளியில் மேலும் உப்புநீர் புகுகிறது. இதற்கிடையே உண்டான துரு, தான் அழித்த இரும்பைப் போல் இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்வதால், பெயின்டைக் கீழிருந்து நெம்பித் தூக்குகிறது.

துளையே இல்லாத இடத்திலும் கொப்புளம் வருவதற்குக் காரணம் இன்னும் சூக்ஷ்மமானது. பெயின்ட் என்பது நீர் புகாத கவசம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது உப்பைத் தடுத்து, நீராவியை மட்டும் சிறிது சிறிதாக உள்ளே விடும் ஒரு சவ்வு. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தகட்டின் மேல் உப்பு இருந்துவிட்டால், உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் அது நீரை உறிஞ்சி உப்புவதைப் போல, அந்த உப்பும் பெயின்டின் வழியாக நீரை இழுத்து இழுத்துக் கொப்புளமாக உப்புகிறது. மேலே எத்தனை கோட் அடித்திருந்தாலும், எத்தனை விலை கொடுத்து வாங்கிய பெயின்டாக இருந்தாலும் இது நிற்காது. பெரியவர் “சுரண்டினா போதாது, கழுவணும்” என்றது இதைத்தான். துருவின் பொந்துகளுக்குள் ஒளிந்திருக்கும் உப்பு, சுரண்டினால் போவதில்லை. உப்புத்தாள் அதைத் தேய்த்து இன்னும் பரப்பிவிடும். மணல்தாளுக்கு நம் மக்கள் உப்புத்தாள் என்று பெயர் வைத்தது அதன் சொரசொரப்பைப் பார்த்துத்தான் என்றாலும், இந்த ஊரில் அந்தப் பெயர் ஓர் எச்சரிக்கை போலவே என் காதில் விழுகிறது.

உப்பைக் கழுவி எடுக்கும் கலையை நாங்கள் தேடிப் போகவேண்டியதில்லை. பதினைந்து கிலோமீட்டர் வடக்கே கண்ணெதிரே நடந்திருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாமல்லைக் கடற்கரைக் கோயில், ஆயிரத்து முந்நூறு வருஷமாக இதே உப்புக்காற்றைச் சுவாசித்து நிற்கிறது. கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு, பகலில் உலர்ந்து படிகமாகும்போது துளையை நெம்பிக் கல்லைப் பொடியாக உதிர்க்கிறது. இதைத் தணிக்கத் தொல்லியல் துறையினர் கையாளும் வழி, காகிதக் கூழைச் சுத்த நீரில் குழைத்துச் சிற்பத்தின் மேல் அப்பிவைப்பது. நீர் கல்லுக்குள் ஊறி உப்பைக் கரைக்கிறது. கூழ் மேலிருந்து உலர உலர, கரைந்த உப்பு கல்லை விட்டுக் கூழுக்குள் ஏறிவிடுகிறது. பிறகு கூழை உரித்து எறிந்துவிட்டு மறுபடியும் அப்புகிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பும் வளர்த்தார்கள். விலையுயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை.

அந்த யுக்தியையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். துரு கண்ட இடங்களில் பட்டியை முழுவதும் பெயர்த்து, கம்பி பிரஷால் உதிரும் துருவை உதிர்த்துவிட்டு, பழைய செய்தித்தாளை ஊறவைத்து இடித்த கூழை அப்பி, காய்வதற்குச் சற்று முன்பே எடுத்துவிட்டு, உடனே கழுவித் துணியால் ஒற்றிக் காற்றடித்து உலர்த்தினோம்; நனைந்த இரும்பைச் சும்மா விட்டால் அரை மணியில் மறுபடியும் துரு பூக்கும். எங்கள் கிணற்று நீரிலேயே உப்பு உண்டு ஆதலால், கடைசிக் கழுவலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கினேன். உப்பு போயிற்றா என்பதை அறியவும் ஒரு பரீட்சை செய்தோம். அந்த வடிநீரில் நனைத்த பஞ்சால் தகட்டைத் துடைத்து, பஞ்சைக் கண்ணாடிக் குழாயில் பிழிந்து, பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கொடுத்த சில்வர் நைட்ரேட் கரைசலில் இரண்டு சொட்டு விட்டோம். முதல் நாள் குழாய் மோராக வெளுத்தது. இரண்டாம் முறை நீர்மோராக வெளுத்தது. ஐந்தாம் கழுவலுக்குப் பிறகுதான் நீர் நீராகவே நின்றது. பெரியவர் அந்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷமாக அனுபவத்தால் அறிந்ததை அன்றுதான் அவர் கண்ணால் கண்டார்.

கழுவிய பின்னும் தகட்டின் குழிகளில் கெட்டியாகப் பற்றிய துரு ஒரு மெல்லிய படலமாக மிஞ்சும். அதை எடுக்க முயன்றால் தகடே போய்விடும். ஆதலால் அதை வேறொன்றாக மாற்றிவிடுவதே விவேகம். இங்கே நம் கடுக்காய் வருகிறது. ஒரு காலத்தில் மெல்லிய துணிக்குப் பேர்பெற்று, டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வணிகம் செய்த சதுரங்கப்பட்டினம் எங்களுக்குப் பக்கத்து ஊர். இந்தச் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயம் எழுதியவர்கள், துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து உலர்த்தி, இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் ஊறவைத்த கரைசலால் அதன்மேல் எழுதினால், கோடு கறுப்பாக நிலைத்துவிடும் என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். கடுக்காயில் உள்ள டானின் இரும்போடு கூடி, நீரில் கரையாத கருநீலப் பொருளாகிறது. இன்று கடைகளில் துரு மாற்றி என்று பாட்டிலில் விற்கும் திரவங்கள் பலவற்றில் வேலை செய்வது இதே டானினும், அதனோடு பாஸ்பாரிக் அமிலமும்தான். பேட்டரிப் பெட்டியின் மறைவான ஒரு மூலையில் மட்டும் கடுக்காய்க் கஷாயத்தைப் பூசிப் பார்த்தேன். செம்மை கண்ணெதிரே கருமையாயிற்று. ஆனால் கஷாயத்தின் வலு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இராது ஆகையால், வெளிப்புறத்துக்குக் கடைத் திரவத்தையே வாங்கினேன்.

பாஸ்பாரிக் அமிலம் இரும்பின் மேல் பாஸ்பேட்டுப் படலம் ஒன்றை வளர்க்கிறது. டில்லி மெஹ்ரோலியில் நிற்கும் இரும்புத் தூணின் ரகசியமும் இதற்கு உறவுதான். குப்தர் காலத்துக் கொல்லர்கள் உருவாக்கிய அந்த இரும்பில், இக்காலத்து உருக்கில் இருப்பதைப் போல் பல மடங்கு பாஸ்பரஸ் இருப்பதையும், அது தூணின் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் அமையத் துணைசெய்வதையும் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து எழுதினார். டில்லியின் வறண்ட காற்றும் அதற்கு உதவி. அந்தத் தூணைக் கொண்டுவந்து எங்கள் கடற்கரையில் நட்டால் அதே கீர்த்தியோடு நிற்கும் என்று நான் நம்பவில்லை.

இது வரையில் கடலின் வேலை. வெயிலின் வேலை இதைப் போல் ஆழமானதன்று; அதைக் குணப்படுத்தக் காசும் அதிகம் வேண்டியதில்லை. பெயின்டில் நிறம் தரும் நுண்பொடியைப் பிடித்துக்கொண்டிருப்பது ரெசின். வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கிறது. வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டையாக்ஸைடோ, ஒளியை வாங்கிக்கொண்டு இந்த அறுப்புக்கு உடந்தையாகவும் ஆகிவிடும். பிடித்திருந்தது போகவே, பொடி தனித்து மேலே நிற்கிறது. என் விரலில் ஒட்டியது அதுவே. இந்த மரணம் மேல்தோலோடு நிற்பது. பழைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அமைந்தவை; இக்கால வண்டிகளில்போல் நிறத்தின் மேல் தெளிந்த வார்னிஷ் போன்ற தனிப் படலம் கிடையாது. துணியில் ரப்பிங் காம்பவுண்ட் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் துணியில் நிறம் ஏறும். ஏறினால் அது ஒரே பூச்சு என்று அறியலாம். அப்படிப்பட்ட பூச்சில், செத்த மேல்தோலை எடுத்துவிட்டால் அடியில் உயிருள்ள நிறம் இருக்கிறது. எங்கள் வண்டியின் பானட்டும் கூரையும் பின்பக்கமும் இப்படியே மீண்டன. அந்த இடங்களுக்குப் பெயின்ட் ஒரு சொட்டும் வாங்கவில்லை.

பளபளப்பு என்பது என்ன? சமதளத்தில் பட்ட ஒளி ஒரே திசையில் திரும்பினால் பளபளப்பு. மேடுபள்ளத்தில் பட்டு நாலாபுறமும் சிதறினால் மங்கல். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. மேடுபள்ளம் அதைவிட மிகச் சிறிதாகும் வரையில் தேய்க்கவேண்டும். 400-ஆம் எண் வாட்டர் பேப்பரின் துகள் 35 மைக்ரான், 1000-இல் 18, 2000-இல் 10. ஒவ்வொரு தாளும் முந்தின தாளின் கீறலை அழித்துத் தன் சிறிய கீறலை விட்டுச் செல்கிறது. கடைசியில் காம்பவுண்ட் அதையும் அழிக்கிறது. மயிரிழையின் பருமன் 70 மைக்ரான் என்றால், வண்டியின் பெயின்ட் முழுவதும் சேர்ந்தே ஒன்றரை மயிரிழைதான். ஆகையால் ஓரங்களிலும் மடிப்புகளிலும் கை சற்று அழுந்தினாலும் தகடு தெரிந்துவிடும். அங்கெல்லாம் முதலிலேயே டேப் ஒட்டிவிட்டோம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் ஆதலால், உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், சோப்பு நீர் விட்டு நனைத்தே தேய்த்தோம்.

மிஞ்சியது, புதிதாகப் பூசவேண்டிய கீழ்ப்பாகங்கள். பணத்தை இங்கே எதற்குக் கொடுப்பது என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை: இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி பிரைமருக்கு. உப்பும் காரமும் அதை எளிதில் அசைக்கா, எபாக்ஸி சோப்பாகாது. மேற்பூச்சுக்குச் சாதாரண எனாமலே போதும் என்று முடிவு செய்தோம். கண்ணாடி போல் நிற்கும் பாலியூரிதேன் பெயின்டை ஸ்ப்ரே கன்னில் அடித்தால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைத் தாக்கும். வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடி இல்லாமல் வீட்டு வாசலில் அதைத் தொடவே கூடாது. பெரியவர் காலத்து என்.சி. பெயின்ட், பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்து உண்டாக்கும் நைட்ரோசெல்லுலோஸிலிருந்து வருவது; நிமிஷங்களில் உலரும். ஆனால் தின்னர் அவ்வளவு விரைவாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, ஈரக் காற்றின் நீர் அதன்மேல் பனித்து, பெயின்ட் பால்போல் வெளுத்துவிடும். கடலோரத்தில் அது ஓயாத தொல்லை.

எனாமல் மெதுவாக உலரும். காற்றிலிருந்து பிராணவாயுவை உள்ளே வாங்கி, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து இறுகும். இரும்பை அழிக்கப் பயன்படும் அதே வாயு அதன் கவசத்தை இறுக்குவதற்கும் பயன்படுவதை எண்ணிப் பார்க்கையில் எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்பே உண்டாகிறது. டர்பன்டைன் விட்டு நன்றாக இளக்கி, நுரைப்பஞ்சு ரோலரால் மிக மெல்லிய கோட்டுகளாக ஆறு நாள் உருட்டினோம். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை வாட்டர் பேப்பர் போட்டோம். நேரத்தில் மட்டும் பெரியவர் கறாராக இருந்தார். விடியலில் தகட்டில் பனி இருக்கும்; பதினொரு மணிக்குமேல் கடற்காற்று உப்பைக் கொண்டுவரும். இரண்டுக்கும் நடுவே, காற்று மேற்கிலிருந்து வரும் எட்டரை முதல் பத்தரை வரையே வேலை. அதன்பின் வண்டி கொட்டகைக்குள் போய்விடும். மறுநாள் காலை அடுத்த கோட்டுக்கு முன்னால் வடிநீரில் நனைத்த துணியால் மறுபடியும் துடைப்பார். செலவு முழுவதும் பதினெட்டாயிரத்துச் சொச்சம். அதில் பாதிக்கு மேல் அவருடைய கூலி, அதைக் குறைக்க நான் விரும்பவில்லை.

வேலை முடிந்தது என்று நான் நினைத்த அன்று, அவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, கதவுக்குக் கீழே ஓடும் அந்தக் குழல் தகட்டின் அடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். முன்பு பெயின்ட் அடித்த பட்டறைக்காரர்கள் அங்கிருந்த வடிகால் துளைகளைப் பட்டியாலேயே அடைத்திருந்தார்கள். சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தார். இடப்பக்கத்தில் மூன்று, வலப்பக்கத்தில் மூன்று. பிறகு கதவுச் சட்டத்தின் மேலிருந்து மீதமிருந்த வடிநீரை ஊற்றச் சொன்னார். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியை இன்னொரு முறை விட்டுத் திருகியதும் மண்ணும் துருப்பொடியும் கலந்த செந்நீர் குபுக்கென்று கொட்டிற்று, பிறகு கலங்கல், கேன் காலியாகும் தறுவாயில் ஆறு துளைகளிலிருந்தும் தெளிந்த நீர் மெல்லிய தாரைகளாக வாசல் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.